பதினொரு நாட்களின் நீர்

…மூடுபனி என்று மட்டும் சொன்னால் இதில் பாதியைத்தான் சொன்னதாகும், குளிர்காலம் விடைபெற மனமின்றியும் இளவேனில் உள்ளே வரத் துணிவின்றியும் நெச்சஸ் ஆற்றின்மேல் எதிரெதிரே வாய்மூடி நிற்கும் பருவம் இது, இலையுதிர்த்த சைப்ரஸ் மரங்கள் கணுக்காலளவு நீரில் நின்று எதையோ நோற்கின்றன, கிளைகளில் தொங்கும் நரைத்த பாசி அசைவதில்லை, போரோ புயலோ வந்து அரசு அழைக்கும்வரை கரையோரம் வரிசையாகக் கட்டுண்ட சாம்பல் நிறக் கப்பல்கள் பனியிலே தொடங்கிப் பனியிலே முடிகின்றன, இரும்பு எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் அறிவதில்லை, ஒரு நாரை தன் ஒற்றைக் காலையும் மறந்ததுபோல் படகுத்துறைக் கம்பத்தின்மேல் நிற்கிறது, ஆறும் நகர்வதாகத் தெரியவில்லை, ஆனால் நகர்கிறது, கடல் ஏறும்போது பின்னோக்கிக்கூட நகர்கிறது, உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது, அதை நான் மறக்கலாகாது, அதை நான் ஒருமுறை மறந்தேன். காலைத் திருப்பலியில் பாதிரியார் கட்டைவிரலால் என் நெற்றியில் சாம்பலை இட்டு, மனிதன் எதிலிருந்து வந்தான் என்பதை நினைவூட்டியபோது என் மனம் மண்ணை நினைக்கவில்லை, துருவை நினைத்தது, இரும்பும் அப்படித்தான், வந்த இடத்துக்கே திரும்பத் துடிக்கிறது, அதைத் திரும்ப விடாமல் காப்பதற்காகவே இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கப்பல்களின் அடிவயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன், காத்தேனா… காத்தேன், பதினொரு நாட்களைத் தவிர.

அந்தப் பதினொரு நாட்களைக் கேட்கத்தான் இன்று பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார். கேட்பதற்காக வருகிறார் என்பது அவருக்கே தெரியாது. நீர்ச் சோதனைப் பதிவேட்டைப் புரட்டுவார், என் கையெழுத்தைப் பார்ப்பார், எண்கள் ஒழுங்காக நிற்கும், கொதிகலனின் குழாய்களை அறுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்வார், இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு முத்திரை குத்துவார், அடுத்த புயலுக்கோ அடுத்த போருக்கோ இந்த ‘கேப் மெரிடித்’ கப்பல் நீராவி எழுப்பிக் கிளம்பும்போது வலப்பக்கக் கொதிகலனின் முன்னே எவரோ ஒருவர் நிற்பார், அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவர் இன்னும் வேலைக்கே சேராதவராக இருக்கலாம். வாய் திறந்தால் என் உரிமம் போகும், ஓய்வுக்கு இரண்டே ஆண்டு இருக்கையில் இரண்டாம் பொறியாளர் தியோஃபில் லாந்த்ரி என்ற பெயர் இந்த ஆற்றங்கரையில் வேறு பொருளைப் பெற்றுவிடும். வாய் திறக்காவிட்டால்… எதுவும் நடக்காமலும் போகலாம், இந்த ‘போகலாம்’ என்ற சொல்லின்மேல்தான் மூன்று ஆண்டுகளாகப் படுத்து உறங்கியிருக்கிறேன்.

கப்பலேணியின் தலைமாட்டில் காவல் கூண்டு, அதற்குள் ஆமோஸ், அறுபத்து நான்கு வயது, பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், வலக்கையில் எப்போதும் அந்தப் பழுப்புத் தோலுறை, பனியில் அந்தக் கை வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னதில்லை. “என்ன பிரதர், பாய்லர்கிட்டப் போறதுக்கு முன்னாடியே நெத்தியில கரி?” “கரி இல்ல டீக்கன், சாம்பல் புதன்.” “தெரியுதுய்யா. நாப்பது வருஷமா கத்தோலிக்கங்களோட வேல பாக்குறேன், வருஷா வருஷம் யாராவது ஒருத்தர்கிட்ட மூஞ்சியத் தொடச்சுக்கோன்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன். நேத்து நோன்புக்கு முந்தின விருந்துல, கிங் கேக்குக்குள்ள வச்ச பொம்ம யார் வாய்ல மாட்டுச்சு?” “எனக்குத்தான்.” “அப்ப அடுத்த வருஷம் கேக்கு உங்க வீட்டுது. இன்னைக்கு கறி கெடையாதே, அதே சூரமீன் சான்விச்சா? உங்க பாவம் தீர்றதுக்குள்ள கடல்ல மீன் தீந்துரும் பிரதர்.” சிரித்தேன், சிரிப்பது எளிதாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை, அவர் முன்னால் என் முகம் எந்தத் தடையுமின்றிச் சிரிக்கிறது. இடக்கையால் என் பெயரைக் கோணலாக வருகைத்தாளில் எழுதிக்கொண்டே சொன்னார், “பத்து மணிக்கு அந்த மிஸ் ஹார்ட்விக் வர்றாங்க. சீஃப் இன்ஜினியர் ஒரே குஷி. செகண்டோட தண்ணி நோட்டு வேதப்புத்தகம் மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது, அதக் காட்டுனாலே அந்தம்மா பாதி வேலைய முடிச்சுரும்ங்குறார்.” வேதப்புத்தகம்… அந்தச் சொல்லை அவர் சற்றே நிறுத்திச் சொன்னாரா, அல்லது என் செவிதான் நிறுத்திக் கேட்டதா. பிறகு எப்போதும்போல, “ஆசீர்வாதமா இருங்க பிரதர்.” இந்த ஊரில் பெட்ரோல் போடுகிறவர்கூடச் சொல்லும் வார்த்தைதான், ஆயினும் அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு நாளும் அதை ஏற்கக் கூச்சப்பட்டே தலையசைத்துக் கடந்திருக்கிறேன்.

ஏணி ஏணியாகக் கீழே, கைப்பிடி ஈரம், பெயிண்ட் வாசம், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்களின் ஓயாத முனகல், ஓடாத கப்பலுக்குள் ஓடுவது அது ஒன்றுதான், அதோடு நாங்கள் பத்துப் பேர். ஓடும் கப்பலைக் காப்பது எளிது, வெப்பமும் அசைவும் தன்னையே தூய்மை செய்துகொள்ளும், உறங்கும் கப்பலைக் காப்பதுதான் தவம், கொதிகலனை விளிம்புவரை நீரால் நிரப்பி, ஆக்சிஜனைத் தின்றுவிடும் மருந்தையும் காஸ்டிக் காரத்தையும் அளந்து கலந்து, காற்று ஒரு குமிழிகூட நுழையாமல் மூடி வைக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் அடியில் உள்ள சிறு வால்வைத் திறந்து ஒரு குப்பி நீர் பிடித்து, காரம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக வினவ வேண்டும். நீர் பொய் சொல்லாது. உப்புக்கான சோதனையில் மஞ்சளாக நிற்கும் நீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டவிட்டால் செங்கல் நிறம் தோன்றும்வரை எண்ணிக்கொண்டே போகலாம், எத்தனை சொட்டு தாங்குகிறதோ அத்தனை உப்பு, அந்த மருந்து விரலில் பட்டால் கறுக்கும், எந்தச் சோப்பும் எடுக்காது, தோல் தானாக உரிந்தால்தான் போகும், என் மனைவி யூலாலி இருபத்தாறு ஆண்டுகளாக என் விரல்நுனிகளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு ரொட்டியை என் வாயில் தானே ஊட்டுவாள்… அந்த வால்வு தரைத்தட்டுக்கு ஒரு சாண் மேலே, குழாய்களுக்குப் பின்னே, முழங்காலிட்டால்தான் கை எட்டும். முழங்காலிடாமல் அந்த நீரைப் பெற வழியில்லை. கட்டியவன் எவனோ, அவன் தெரிந்துதான் கட்டினானோ.

முழங்கால் வலித்தது. மூன்று ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவந்த காரணம் அதுதான், மூன்றாண்டுக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாம் நாள், வலக்கால் வீங்கியிருந்தது, ஏழு மாதமாக எண்கள் ஒரு கோட்டில் நின்றன, உறங்குகிற நீர் ஒரே நாளில் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது, நீர் பிடிக்காமல் முந்தைய நாள் எண்ணையே அன்றும் எழுதினேன், மறுநாளும் எழுதினேன், சற்றே கூட்டியும் குறைத்தும் எழுதினேன், பார்ப்பவருக்கு உயிருள்ளதாகத் தோன்ற வேண்டுமே, அந்தக் கவனத்தில் பாதியை வால்வுக்குக் கொடுத்திருக்கலாம். வலி பொய்யா, மெய்தான். ஆனால் அதே பதினொரு நாட்களில் ஒவ்வொரு மாலையும் கோயிலுக்குப் போனேன், இரண்டு வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைச் செபத்தின் பதினான்கு தலங்களிலும் அந்த முழங்காலைத்தான் பலகையில் ஊன்றினேன், பக்கத்து இருக்கைப் பெண்மணி, உங்களுக்கு வலிக்குமே, உட்கார்ந்தே செபியுங்களேன் என்று சொன்னபோது பெருமையோடு தலையை அசைத்து மறுத்தேன், ஆண்டவர் பார்க்கிறார் என்று நினைத்தேன், அவர் பகலில் கீழ்த்தளத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஏனோ மனம் உறுத்த முழங்காலிட்டேன், வால்வு திரும்பவில்லை, மேலே பூசிய வெள்ளிப் பெயிண்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது, குறடால் தட்டித் திறந்தேன், வந்த நீர் தேநீர் நிறம். சொட்டுகளை எண்ணினேன், எண்ணினேன், மஞ்சள் மாறவே இல்லை, உப்பு, எங்கும் உப்பு. கொதிகலனுக்கு நீரூட்டும் கீழ்த்தளத் தொட்டியின் தகட்டில் ஊசிமுனைத் துளை, அதன் வழியே ஆறு நுழைந்திருந்தது, கொதிகலனின் ஒரு வால்வு சொட்டச் சொட்ட, சொட்டிய அளவுக்கு அந்தத் தொட்டி நீரைப் பம்பு உள்ளே ஏற்றியிருந்தது, பதினொரு நாளும். எவரிடமும் சொல்லவில்லை. வழக்கமான நீர்மாற்றம் என்று எழுதி வடித்தேன், கழுவினேன், துளையை அடைக்கச் செய்தேன், புதுநீர் நிரப்பி மருந்து கலந்தேன், மறுநாள் எண்கள் பளிங்குபோல நின்றன, இரும்பு மன்னித்துவிட்டது என்று நம்பினேன்.

இரும்பு மன்னிப்பதில்லை, அது குறித்துக்கொள்கிறது, குழாயின் உட்சுவரில் உப்பு அமர்ந்த இடமெல்லாம் சிறு குழிகள், அம்மைத் தழும்புபோல, வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் புயல் நிவாரணச் சரக்கேற்ற உத்தரவு வந்தது, ஐந்தாம் நாள் நீராவி எழுப்பினோம், பன்னிரண்டு மணி நேரம் கொதிகலன் நன்றாகப் பாடிற்று, அதன்பின் ஓர் ஓசை, துணி கிழிவதுபோல, அவ்வளவுதான். ஆமோஸ்தான் வலப்பக்கத்தில் நின்றிருந்தார், அன்று அவர் தீயிடுபவர், கொதிகலன் முன்னால் நிற்பதே அவர் தொழில், ஓடியிருக்கலாம், ஓடாமல் எரியெண்ணெய் வால்வை மூடிவிட்டுத்தான் விலகினார், மூடியது வலக்கை. நீராவியின் வெண்மையில் எல்லாம் மறைந்திருந்தது, அதற்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார், இரு கைகளையும் யாருக்கோ எதையோ கொடுக்க வருபவர்போல முன்னே நீட்டியபடி… போதும், அதை நினைக்காதே, நினைக்காமல் என்றைக்கு இருந்தாய். விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், நீர் குற்றமற்றது என்றார்கள், குழாயின் வயது காரணம் என்றார்கள், வெடித்த குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டார்கள். என் கையெழுத்துதான் என்னை விடுவித்தது. ஆமோஸின் வலக்கை விரல்கள் பிறகு மடங்கவில்லை, இயந்திர அறை அவருக்கு முடிந்துபோயிற்று, கப்பலேணிக் காவல் கொடுத்தார்கள். மருத்துவமனைக்கு கம்போ என்னும் இறால் குழம்பு கொண்டுபோனேன், யூலாலி சமைத்தது, கரண்டியால் நானே ஊட்டினேன், “செகண்டு ஊட்டிச் சாப்புடுற ஃபயர்மேன் இந்த ஆத்துலயே நான் ஒருத்தன்தான்யா” என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டார். அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவே சொல்ல இடமிருந்தது.

மேசைத் தொலைபேசி ஒலித்தது, சீஃப். “லாந்த்ரி, அந்த ரெண்டு வருஷம் மூணு வருஷத்துப் பழைய தண்ணி நோட்டு எல்லாத்தையும் எடுத்து வச்சுருங்க. பிரஷர் டெஸ்ட் போன வாரமே தாங்கிடுச்சு. நோட்டு நல்லா இருந்தா குழாய அறுக்கச் சொல்ல மாட்டாங்க. மதியத்துக்குள்ள அனுப்பி வச்சுரலாம், என்ன?” “சரி சீஃப்.” சரி என்றேன், என் வாய்க்குத் தெரிந்த ஒரே விடை அதுதான் போலும். அழுத்தச் சோதனை தாங்கும், குளிர்ந்த நீரின் அழுத்தத்தைக் குழிவிழுந்த குழாயும் தாங்கும், நெருப்பு பட்டு இரவும் பகலும் சிவந்து நிற்கும்போது தாங்குமா என்பதை யார் சோதித்தார்கள்… ஆமோஸ் சோதித்தார்.

ஒன்பதரை. இன்றைய மாதிரியை எடுத்தாக வேண்டும், எது எப்படியானாலும் இன்றைய நீரை இன்று கேட்க வேண்டும், மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை, காய்ச்சலிலும் வந்தேன், கிறிஸ்து பிறப்பு நாளிலும் வந்தேன், தவறாமையால் தவறை மூடிவிடலாம் என்பதுபோல. முழங்காலிட்டேன். வால்வைத் திறந்து சிறிது ஓடவிட்டுக் குப்பியை அதே நீரால் மும்முறை அலசினேன், நிரப்பினேன், மூடி கைநழுவிக் குழாய்களுக்குப் பின்னே உருண்டது, கையால் துழாவியும் அகப்படவில்லை, கைவிளக்கை எடுத்துக் குனிந்தேன், இன்னும் குனிந்தேன், நெற்றி தரைத்தட்டைத் தொட்டது, சாம்பல் அதில் ஒட்டியிருக்கும். அங்கிருந்து மேலே பார்த்தால் வால்வின் அடிப்புறம் தெரிகிறது, நின்று பார்ப்பவனுக்கும் முழங்காலிட்டவனுக்கும் தெரியாத இடம், வெள்ளிப் பெயிண்டின் மேல் கறுப்பு மையில் சிறிய எழுத்து, ஆ.பெ., மார்ச் 4, அதற்குக் கீழே அந்த ஆண்டு. இங்கே பெயிண்ட் அடிப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான், அடுத்த பூச்சு எப்போது என்று தெரிய மறைவான இடத்தில் தேதி போடுவார்கள். ஆமோஸ் பெட்டிவே. மார்ச் 4. என் பதினொரு நாட்களில் அது இரண்டாம் நாள்.

மூடி அகப்பட்டது, கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். பெயிண்ட் அடித்தவர் மறுநாள் வந்து பார்க்காமல் இருப்பாரா, காய்ந்ததா, வழிந்ததா என்று தொட்டுப் பார்க்காமல் இருப்பாரா, ஆமோஸ் பார்ப்பார், சுற்று வரும்போதெல்லாம் தன் கைவேலையைப் பார்ப்பது அவர் வழக்கம், பார்த்திருப்பார், மார்ச் 5, பூச்சில் கீறல் இல்லை, மார்ச் 6, இல்லை, திருகப்படாத வால்வின்மேல் பூச்சு குழந்தையின் கன்னம்போல வழவழப்பாக இருந்திருக்கும், மேசையில் என் பதிவேடும் திறந்தே கிடக்கும், அன்றைய எண்களோடு, அன்றைய கையெழுத்தோடு. அப்புறம் அந்தப் பேச்சு… அந்த வாரத்தில் ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில், என் கையைப் பார்த்து அவர் சொன்னது, “என்ன பிரதர், வெரலெல்லாம் வெள்ளையா இருக்கு, உங்க லெந்து நோன்புக்கு அதையும் கழுவிட்டீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கேலி என்று நினைத்தேன், கறை உரிந்து புதுத்தோல் வந்திருந்தது, சொட்டு மருந்தைத் தொடாதவனின் விரல். அது கேலியா. ஒரு தீயிடுபவர் ஓர் அதிகாரியிடம் வேறு எப்படிச் சொல்ல முடியும். சொல்லியிருக்கிறார், அவர் அன்றே எனக்குச் சொல்லியிருக்கிறார், நான்தான் சிரித்தேன்.

அப்படியானால் விசாரணையில் கட்டுப்போட்ட கைகளோடு உட்கார்ந்து, வித்தியாசமாக எதையும் பார்த்ததில்லை என்று ஏன் சொன்னார். என்மேல் கருணையா, அல்லது கண்டும் ஒரு கேலியோடு நிறுத்திக்கொண்டோமே என்று தம்மையே நொந்தாரா, அல்லது நானே ஒருநாள் சொல்வேன் என்று அந்தக் கூண்டில் உட்கார்ந்து காத்திருந்தாரா, ஒவ்வொரு காலையும், ஆசீர்வாதமா இருங்க பிரதர், ஒவ்வொரு காலையும், அது வாழ்த்தா வினாவா… எழுநூறு தடவை இருக்குமா, ஆயிரம் இருக்குமா, அத்தனை முறையும் நான் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறேன்.

எழுந்தேன், முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். இன்றைய நீரைச் சோதித்தேன், இரண்டு சொட்டில் செங்கல் நிறம், குற்றமற்ற நீர், ஆனால் இன்றைய நீர் இன்றைக்கு மட்டுமே சாட்சி. மூன்றாண்டுக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தேன், மார்ச் 3, அங்கே தொடங்கி மார்ச் 13 வரை, அழகான எண்கள், எத்தனை கவனமாக எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு வரியின்மேலும் ஒரு கோடு, படிக்க முடியாதபடி அடிக்கலாகாது, தவறும் தெரிய வேண்டும் என்பது எங்கள் முறை, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும், மாதிரி எடுக்கவில்லை, தி.லா., இன்றைய தேதி. பதினொன்றாவதன் கீழே, பன்னிரண்டாம் நாள் உப்பு கண்டேன், மறைத்தேன், வலப்பக்கக் கொதிகலனின் குழாய்களை அறுத்துப் பார்க்கவும் என்று எழுதினேன். எழுதியபின் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேனோ, வரவில்லை, மூன்று ஆண்டுகள் அப்படியே இருந்தன, அவர் கையும் அப்படியே இருந்தது.

மேலே இரும்பு வலைத்தளத்தில் காலடி, ஆமோஸ், அவ்வளவு ஏணிகளை அந்தக் கையோடு அவரால் இறங்க முடியாது, விளிம்பில் நின்றே கூப்பிட்டார். “பிரதர், அந்தம்மா வந்தாச்சு. கீழ அனுப்பட்டுமா?” மேலே பார்த்தேன், விளக்குக்கு எதிரே அவர் முகம் தெரியவில்லை. “டீக்கன், இந்த சாம்பிள் வால்வுக்கு பெயிண்ட் அடிச்சீங்களே, எப்பன்னு ஞாபகம் இருக்கா?” ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. “தேதிய அடியில போட்டிருப்பேனே.” “ஆமா. இன்னைக்குத்தான் பாத்தேன்.” தோலுறை அணிந்த அவர் கை கைப்பிடியின்மேல் மெல்ல நகர்ந்து நின்றது. “ம்” என்றார் கடைசியில், “அவ்வளவு கீழ குனிஞ்சாத்தான் தெரியும்.” பிறகு, “அந்தம்மாவுக்கு ஒரு காப்பியக் குடுத்து உக்கார வைக்கிறேன். நீங்க முடிச்சுட்டுக் கூப்புடுங்க.”

முடிக்க ஒன்றும் மிச்சமில்லை, மை காய்ந்துகொண்டிருந்தது. பதிவேட்டைத் திறந்தபடியே மேசையில் வைத்தேன், மை பட்ட விரலும் கறை பட்ட விரலும் ஒரே நிறமாக இருந்தன. கொதிகலனின் முன்னே, அன்று அவர் நின்ற அதே தட்டில், குப்பியும் விளக்கும் இல்லாமல், வலக்காலை முதலில் ஊன்றி முழங்காலிட்டேன், கேட்பதற்குச் சொற்கள் தேடினேன், எனக்காக ஒன்றும் வரவில்லை, இனி இங்கே வந்து நிற்கப்போகும் பெயர் தெரியாதவருக்காக மட்டும் வந்தது, கண்ணை மூடி அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மேலே காலடி இன்னும் நகரவில்லை. போய்விடுவார் என்று நினைத்தேன், அவர் போகவில்லை, அங்கேயே நின்று, வழக்கமான வார்த்தையை இன்று விட்டுவிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்.

“கர்த்தர் உங்க கையத் தாங்கட்டும் பிரதர்.”